போன் சுடுது, கேம் இழுக்குது: வேலூர் வெயிலில் எங்கே தொடங்கிப் பார்ப்பது

கேம் லேக் ஆகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் எந்த போன் வாங்கலாம் என்று கேட்டுவிடுகிறார்கள். வாங்குவதைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: கோளாறு எப்போது வருகிறது? கேமைத் திறந்த முதல் நிமிஷத்திலேயே வருகிறதா, இல்லை முதல் மேட்ச் ஒழுங்காக ஓடி முடிந்து இரண்டாவது மேட்சில் வருகிறதா? முதல் நிமிஷத்திலேயே என்றால் செட்டிங், மெமரி, சிப் என்று தேடலாம். போகப் போக என்றால், நம் ஊரைப் பொறுத்தவரை முக்கால்வாசி நேரம் காரணம் சூடுதான். சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ மே மாதம் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில் உட்கார்ந்து விளையாடுகிறவரின் போன் படுகிற பாடு, ஏசி அறையில் விமர்சன வீடியோ எடுக்கிறவரின் போனுக்குத் தெரியாது.

"முதல் பத்து நிமிஷம் பறக்குது, அப்புறம் இழுக்குது"

இதுதான் இங்கே அதிகம் வருகிற புகார், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலான போன்களுக்குள் விசிறி கிடையாது. சிப்பில் உண்டாகிற சூடு முழுவதும் பின்பக்கத் தகடு வழியாகவும் திரை வழியாகவும்தான் காற்றுக்குப் போயாக வேண்டும். போனின் மேல்பரப்புக்கும் சுற்றியிருக்கிற காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ அந்த அளவுக்குத்தான் சூடு வெளியேறும். மேல்பரப்பு 44 டிகிரியைத் தொட்டால் போன் வேகத்தைக் குறைத்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஏசி 24 டிகிரியில் ஓடுகிறது, வித்தியாசம் 20. நம் மாடி அறையில் மத்தியானம் 38, வித்தியாசம் வெறும் 6. அதே போன், அதே கேம், ஆனால் இங்கே மூன்றில் ஒரு பங்கு சூட்டைக்கூட வெளியே தள்ள முடியவில்லை. வேறு வழி இல்லாமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. திரையில் நீங்கள் பார்க்கிற இழுவை அதுதான். போன் கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெளி வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் நிறுவனமே போட்டிருக்கிறது. அக்னி நட்சத்திரம் ஓடுகிற நாட்களில் வேலூரில் 40-ஐத் தாண்டுவது சாதாரணம்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் பின் உறையைக் கழற்றுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் உறை பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, தடித்த ரப்பர் பவுச்சாக இருந்தாலும் சரி, விளையாடும்போது அது போனுக்குப் போர்த்திய கம்பளி. அப்புறம் சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடாதீர்கள், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சூடாகும், சிப்பும் சூடாகும், இரண்டு சூடும் ஒரே தகடு வழியாக வெளியேற வரிசையில் நிற்கும். மூன்றாவது, டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்துக் காற்று போனின் முதுகில் படும்படி உட்காருங்கள். காற்றே சூடாகத்தானே வருகிறது என்று தோன்றும், பரவாயில்லை, 38 டிகிரிக் காற்றும் 44 டிகிரி போனுக்குக் குளிர்ச்சிதான், ஓடிக்கொண்டிருந்தால் போதும். மொட்டை மாடி சூட்டை அப்படியே இறக்கித் தள்ளுகிற சீலிங் ஃபேனை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது கேம் செட்டிங். பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்கிற துப்பாக்கிச் சண்டை கேம்) விளையாடுகிறவர்கள் கிராஃபிக்ஸை ஸ்மூத் என்று வையுங்கள், நிழலையும், ஓரங்களை மழமழப்பாக்கிக் காட்டுகிற ஆன்டி அலையாசிங்கையும் அணைத்துவிடுங்கள். ஃபிரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்பதில், ஹை என்பது நொடிக்கு 30, அல்ட்ரா 40, எக்ஸ்ட்ரீம் 60. மத்தியான வேளையில் எக்ஸ்ட்ரீமில் வைத்து 60-க்கும் 35-க்கும் நடுவே ஊசலாடுவதைவிட, அல்ட்ராவில் வைத்து 40-லேயே நிலையாக ஓடுவது எவ்வளவோ மேல். குறி வைக்கிற கை ஒரே வேகத்துக்குப் பழகியிருக்கும், வேகம் மாறிக்கொண்டே இருந்தால்தான் தொடர்ந்து சுடுகிற ஸ்ப்ரே சிதறும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாடியில் காற்று வரும்போது திரும்ப 60-க்குப் போய்க்கொள்ளலாம். ஆனால் ஒன்று, வெயில் சாய்ந்ததுமே அறை குளிர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, அந்த மொட்டைப் பாறைகளும் வீட்டுக் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வெகுநேரம் வரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

மொபைல் டேட்டாவும் சூடு கூட்டும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கிற இடத்தில் 5ஜியைப் பிடிக்க போன் திணறிக்கொண்டே இருக்கும், அங்கே 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். வைஃபை இருந்தால் அதுவே நல்லது.

சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் உள்ளே நீர்த்துளியாகப் படியும், நீர் புகாத போன் என்று விளம்பரம் செய்ததெல்லாம் இதற்கு உதவாது. ஐஸ் பை, ஈரத்துணி எல்லாம் அதே கதைதான். முதுகில் மாட்டுகிற கூலர் விசிறி வாங்குவதென்றால் மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிர்கிற பெல்டியர் தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் விசிறி மட்டும் உள்ளது டேபிள் ஃபேன் செய்கிற வேலையைத்தான் செய்யும். மழை நாளில், காற்றில் ஈரம் இருக்கும்போது பெல்டியரையும் முழு வேகத்தில் வைக்க வேண்டாம்.

"திரை தானாகவே மங்குது, சார்ஜும் ஏறமாட்டேங்குது"

இதுவும் சூட்டின் வேலை. போன் முதலில் வெளிச்சத்தைக் குறைக்கும், அப்புறம் கேமரா ஃபிளாஷை நிறுத்தும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதற்கு நல்லதில்லை என்பதால் சார்ஜையும் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். சார்ஜர் போயிடுச்சு என்று புதிது வாங்கிவிடாதீர்கள். நிழலில் அரை மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். ஏறினால் சார்ஜரில் குறை இல்லை.

"திறந்ததிலிருந்தே இழுக்குது"

காலை ஆறு மணிக்கு, குளிர்ந்த போனில், உறை இல்லாமல் விளையாடிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால்தான் இந்தப் பகுதி உங்களுக்கு.

பேட்டரி சேவர் ஓடுகிறதா என்று பாருங்கள், அதை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மீதி ஸ்டோரேஜ் எவ்வளவு என்று பாருங்கள். நிரம்பி வழிகிற ஸ்டோரேஜில் எழுதுகிற வேகம் குறையும், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த கல்யாண வீடியோக்களைத் துடைத்தாலே பல போன்கள் மூச்சு விடும். செட்டிங்கில் மறைந்திருக்கிற டெவலப்பர் ஆப்ஷனில் போய் ஃபோர்ஸ் 4எக்ஸ் எம்எஸ்ஏஏ என்பதைப் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை அணையுங்கள், அது கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கூடுதல் வேலை. அதே பக்கத்தில் ரெஃப்ரெஷ் ரேட்டைக் காட்டு என்று ஒரு வசதி பல போன்களில் இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். 120 ஹெர்ட்ஸ் திரை என்று வாங்கியிருப்பீர்கள், ஆனால் உங்கள் மாடலுக்கு அந்த கேம் 60 ஃபிரேம்தான் அனுமதித்திருக்கும். திரை எத்தனை வேகமாக இருந்தாலும் கேம் கொடுப்பதைத்தான் காட்ட முடியும்.

ரேம் கிளீனர், பூஸ்டர் ஆப் எல்லாவற்றையும் நீக்குங்கள். அவை மூடிவிடுகிற ஆப்களை ஆண்ட்ராய்டு திரும்பத் திறக்கும், அந்தத் திறக்கிற வேலை மேட்சுக்கு நடுவே நடக்கும். ஜிஎஃப்எக்ஸ் டூல் மாதிரி கேம் ஃபைலையே மாற்றுகிறவை பக்கம் போகவே வேண்டாம். அக்கவுண்ட் தடையானால், கேமில் சேர்த்த ஸ்கின்னும் (ஆள், ஆயுத அலங்காரம்) துப்பாக்கியும் எல்லாம் போச்சு.

பாராசூட்டில் இறங்கியதும் வீடுகள் களிமண் உருண்டை மாதிரி தெரிந்து மெல்ல மெல்லத்தான் உருவம் பெறுகிறதா? அது ஸ்டோரேஜின் வேகம். விலை குறைந்த போன்களில் இருக்கிற இஎம்எம்சி வகை, யுஎஃப்எஸ் வகையைவிட மிகவும் மெதுவானது. செட்டிங்கில் இதற்கு மருந்து இல்லை.

"வாட்ஸ்அப் பார்த்துட்டு வந்தா கேம் முதல்லேருந்து தொடங்குது"

ரேம் போதவில்லை. ஆண்ட்ராய்டு இடம் தேடும்போது பின்னால் இருக்கிற பெரிய ஆப்பைத்தான் தள்ளும், அது உங்கள் கேம். 4 ஜிபி போனில் இதைத் தவிர்ப்பது கஷ்டம். மேட்சுக்கு முன்னால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், கேமுக்குப் பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம் என்று செட்டிங்கில் வையுங்கள். 8 பிளஸ் 8 ஜிபி என்று பெட்டியில் எழுதியிருப்பதில் இரண்டாவது எட்டு ரேமே இல்லை, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம். ரேமின் வேகத்துக்கு அது பக்கத்தில்கூட வராது, கேமுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இதைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள் என்பதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு.

போன் நன்றாக இருந்தும் கேம் தானாக உங்களை வெளியே அனுப்புகிறதென்றால் வயதையும் பாருங்கள். பிஜிஎம்ஐ 2023 மே மாதம் திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். அது கோளாறு இல்லை.

"ஃபிரேம் சரியா இருக்கு, ஆனா சுட்டா படமாட்டேங்குது"

ஆள் ஓடுகிறான், திடீரென்று பின்னால் இழுக்கப்படுகிறான், நீங்கள் முதலில் சுட்டும் நீங்கள்தான் விழுகிறீர்கள். இது நெட். கேமின் மூலையில் தெரிகிற பிங் எண்ணை, அதாவது டேட்டா கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகிற நேரத்தைப் பாருங்கள், 50 மில்லி செகண்டுக்குப் பக்கத்தில் நிலையாக இருந்தால் நிம்மதி, 40-க்கும் 250-க்கும் தாவிக்கொண்டிருந்தால் அங்கேதான் வேலை.

ரௌட்டர் இருக்கிற அறைக்கே போய் விளையாடிப் பாருங்கள். பிங் இறங்கினால் குற்றவாளி சுவர்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத் எல்லாம் அதே பாதையில்தான் நெரிகின்றன. ரௌட்டர் பக்கத்திலும் பிங் தாவினால் போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு பிராட்பேண்ட் பக்கம். கம்பெனிக்கு போன் போடுவதற்கு முன்னால் வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டவுன்லோடு வேகம் 100 எம்பிபிஎஸ் இருந்தாலும், ஒரு போன் அப்லோடை அடைத்துவிட்டால் உங்கள் தோட்டா அதன் பின்னால்தான் நிற்கும்.

மொபைல் டேட்டாவிலேயே விளையாடுகிறவர்களுக்கு, ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை பிங் ஏறுவதற்குக் காரணம் டவர் நெரிசல். காட்பாடிப் பக்கம் மாணவர்கள் நெருக்கமாகத் தங்கியிருக்கிற தெருக்களில், சிஎம்சி எதிரே ஐடா ஸ்கடர் ரோட்டு லாட்ஜுகளில் தங்கியிருக்கும்போது, இதைப் போனை மாற்றித் தீர்க்க முடியாது. 4ஜிக்கும் 5ஜிக்கும் நடுவே போன் தாவிக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்றை நிலையாக வையுங்கள். காட்பாடியில் ஏறிச் சென்னை போகிற வரைக்கும் ரயிலில் ரேங்க் மேட்ச் ஆட வேண்டாம், டவருக்கு டவர் மாறும்போதெல்லாம் பிங் எகிறும், கூட ஆடுகிற மூன்று பேருக்கும் பாவம். பிங் குறைக்கும் ஆப் என்று விற்பதில் பெரும்பாலானவை விபிஎன்தான், உங்கள் டேட்டாவை இன்னொரு ஊர் சுற்றி அனுப்புகின்றன.

கரண்ட் போனதும் நெட்டும் போகிறதென்றால் ரௌட்டருக்கென்றே வருகிற 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு நாள் முழுக்க நிறுத்தினால் அதுவும் தாங்காது, இடையில் வருகிற சின்னச் சின்ன வெட்டுக்குப் போதும்.

"தொட்டா நகரல, தொடாமலே நகருது"

சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் திரை தானாகத் துள்ளினால் சார்ஜரையோ கேபிளையோ மாற்றுங்கள். மட்டமான சார்ஜரிலிருந்து வருகிற மின் இரைச்சலைத் திரை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. சார்ஜ் இல்லாமலும் துள்ளினால் டெம்பர் கிளாஸைப் பிய்த்துவிட்டுப் பாருங்கள். தடித்த கிளாஸ் ஒட்டினவர்கள் செட்டிங்கில் தொடு உணர்வைக் கூட்டுகிற வசதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

வியர்வைதான் நம் ஊரில் பெரிய தொல்லை. திரையில் ஒரு ஈரக்கோடு விழுந்தால் போதும், இரண்டு விரல் ஒன்றாகத் தெரியும். கேரம் போர்டு பவுடரைக் கட்டைவிரலில் தடவுகிறார்கள், கொஞ்ச நேரம் உதவும், ஆனால் அந்தத் தூள் ஸ்பீக்கர் ஓட்டையிலும் சார்ஜ் துளையிலும் போய் அடைகிறது. மின்கடத்தும் இழை நெய்த விரல் உறை விலை குறைவு, அதுதான் சரி.

மூன்று, நான்கு விரலில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் சண்டைக்கு நடுவே திரை உறைந்துபோகிறதா? மூன்று விரலால் இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற வசதியை அணையுங்கள். டச்சே போச்சு என்று டிஸ்பிளே மாற்றக் கிளம்புவதற்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டியது இது.

"காலடிச் சத்தம் லேட்டா கேக்குது"

புளூடூத் இயர்பட்ஸ். சாதாரண புளூடூத்தில் சத்தம் கால் நொடி வரை தாமதமாக வரலாம், அதற்குள் எதிரி கதவைத் திறந்திருப்பான். இயர்பட்ஸில் கேம் மோடு இருந்தால் போடுங்கள். ஒயர் ஹெட்செட்தான் உண்மையான தீர்வு.

"கைரோ நடுங்குது"

போனை அசைத்துக் குறி வைக்க உதவுகிற சென்சார்தான் கைரோ. காந்தம் வைத்த உறை, காந்தத்தில் ஒட்டுகிற கூலர் இரண்டையும் எடுத்துவிட்டு, தரையில் போனைச் சமமாக வைத்து கேமுக்குள்ளேயே கைரோவைக் கேலிபரேட் செய்யுங்கள். அப்படியும் தாமதமும் நடுக்கமும் இருந்தால் உங்கள் போனில் உண்மையான கைரோஸ்கோப்பே இல்லாமல் இருக்கலாம். விலை குறைந்த சில மாடல்களில் மற்ற சென்சார்களை வைத்துக் கணக்குப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

"பின்பக்கம் லேசா தூக்கியிருக்கு"

விளையாட்டை நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடவோ ஊசியால் குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். தலையணை அடியில் வைத்துத் தூங்குகிற வீட்டில் இதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சர்வீஸ் சென்டரில் கொடுத்து பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், போனைத் தூக்கிப்போடத் தேவையில்லை.

எல்லாம் பார்த்தும் போதவில்லை, வாங்கியே ஆகணும் என்றால்

ஆன்டுட்டு என்கிற வேகச் சோதனை ஆப்பின் ஸ்கோரைப் பார்த்து வாங்காதீர்கள். அது சில நிமிஷ ஓட்டம். நமக்கு வேண்டியது இருபதாவது நிமிஷத்தில் போன் எப்படி இருக்கிறது என்பது. 3டி மார்க் என்கிற சோதனை ஆப்பில் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ஒரு நிமிஷ ஓட்டத்தை 20 தடவை திரும்பத் திரும்ப ஓட்டி, முதலில் இருந்த வேகத்தில் எத்தனை சதவீதம் நிலைத்தது என்று காட்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற மாடலை யார் சோதித்திருந்தாலும் அந்த ஸ்டெபிலிட்டி எண்ணைத் தேடுங்கள். ஒரு போன் 100-ல் தொடங்கி 55-க்கு இறங்குகிறது, இன்னொன்று 75-ல் தொடங்கி 72-ல் நிற்கிறது என்றால், வேலூரில் இருக்கிறவருக்கு இரண்டாவதுதான் போன். ஏசி அறையிலேயே 55-க்கு இறங்குவது நம் அறையில் இன்னும் கீழே போகும். நண்பரிடம் அதே மாடல் இருந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வீட்டிலேயே அந்த டெஸ்ட்டை ஓட்டிவிடுங்கள், அதைவிட நேர்மையான விமர்சனம் கிடைக்காது.

செகண்ட் ஹேண்டில் பழைய ஃபிளாக்‌ஷிப் மலிவாக வரும்போது ஆசை வரும். அங்கே சிப்பின் பெயரைக் கவனியுங்கள். ஸ்னாப்டிராகன் 888, அதற்கு அடுத்து வந்த 8 ஜென் 1 இரண்டும் சூட்டுக்குப் பெயர் போனவை, இரண்டும் சாம்சங் ஆலையில் செய்தவை. 2022 நடுவில் வந்த 8 பிளஸ் ஜென் 1 தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாறியது, பெயரில் ஒரு பிளஸ்தான் கூடுதல், ஆனால் சூட்டில் பெரிய வித்தியாசம். கடைக்காரர் இரண்டும் ஒண்ணுதான் என்பார், இல்லை. 888-ஐவிட ஒரு படி கீழே என்று விற்ற 870கூட நம் வெயிலுக்கு அதைவிட நல்ல தேர்வு.

புதிதாக வாங்கினால் 8 ஜிபி நிஜ ரேம், யுஎஃப்எஸ் 3.1 அல்லது அதற்கு மேல், உண்மையான கைரோஸ்கோப், இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதில் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். பைபாஸ் சார்ஜிங் இருக்கிற மாடல் கிடைத்தால் அதற்காக ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம், பேட்டரியைத் தொடாமல் மின்சாரம் நேராக போனுக்குப் போவதால் செருகிக்கொண்டே ஆடினாலும் சூடு குறைவு. அப்புறம் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் வேலூரிலேயே இருக்கிறதா, டிஸ்பிளே மாற்றுவதற்குச் சென்னைக்கு அனுப்புவார்களா என்று வாங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

பழைய போன் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள், திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். அப்புறம் விற்கிறவர் முன்னாலேயே, உறையைக் கழற்றி, ஒரு முழு மேட்ச் ஆடிவிட்டு முதுகைத் தொட்டுப் பாருங்கள். ஒரு மேட்சுக்கு நேரம் கொடுக்க மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.